மாமனார் சாயும் பக்கம்

பெயிண்டர் தன் மாமனாருக்குத் தர வேண்டிய பாக்கி நாற்பத்தாறாயிரத்து முந்நூறு. அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதத் தேவையும் இல்லை. மாமனார் வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் கணக்கெடுத்தவர். ஓர் எண் அவர் தலைக்குள் போய்விட்டால் பிறகு வெளியே வராது. வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் தெருவில் அவருக்கு மீட்டர்க்காரர் என்றுதான் பெயர்.

பாக்கி அவருடைய காருக்கானது. பழைய ஹைபிரிட் கார். கொஞ்ச நேரம் பெட்ரோலில் ஓடும், கொஞ்ச நேரம் கரண்டில் ஓடும், எப்போது எதில் ஓடுகிறது என்று ஓட்டுகிறவனிடம் கேட்காது. பதினாலு வருஷம் அவர்தான் ஓட்டினார். கிட்னி இரண்டும் கைவிட்ட பிறகு ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெம்பில்லை. மருமகனுக்குச் சும்மாவே கொடுத்திருக்கலாம். மகளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அவரோ, "சும்மா கொடுத்தா சும்மாதான் வச்சிருப்பாரு. காசு கொடுத்து வாங்கினா துடைச்சு வைப்பாரு" என்று ஒரு விலையைச் சொல்லிவிட்டார். மாசாமாசம் கொஞ்சமாகக் கொடுப்பதாகப் பேச்சு. சுவருக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிக்கிறவனுக்கு வாளிகளையும் ஏணியையும் ஏற்றிப் போக ஒரு வண்டி வேண்டியிருந்தது. பெயிண்டர் தலையாட்டினான்.

ஆனால் அந்த வண்டியில் வாளிகளைவிட அதிகம் ஏறியது மாமனார்தான். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில் இருந்தது. முதலில் சில தடவை பஸ்ஸில்தான் போய்வந்தார்கள். ரத்தத்தைச் சுத்தம் பண்ணி முடித்ததும் மனுஷர் பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடுவார். அப்படி ஒரு நாள் இரண்டாவது பஸ்ஸுக்கு நிற்கும்போது, நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தார். நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அன்றோடு பஸ் போதும் என்று மகள் சொல்லிவிட்டாள். வாடகைக் காருக்குப் போகவர ஆகிற செலவில் பெயிண்டரின் ஒரு நாள் கூலி காணாமல் போகும். ஆகவே கார் ஓடினால்தான் மாமனார் ஆஸ்பத்திரிக்குப் போக முடியும். கார் நின்றால் அவர் சிகிச்சையும் அதோடு நின்றுவிடும்.

அந்தக் காரில்தான் ஒரு நாள் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் மேம்பாலம் ஏறும்போது எரிந்தது. பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் பச்சைக் கோடுகள், நிறைந்திருந்தவை, கண்ணெதிரிலேயே சரசரவென்று இறங்கின. எஞ்சின் ஓயாமல் உறுமியது. வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு பாலத்தைக் கடந்தது. வீட்டுக்கு வந்து நிறுத்தி, சாயங்காலம் மறுபடி எடுத்தபோது விளக்கு இல்லை.

தெருமுனை ஒர்க்ஷாப்காரர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி வீக்கு" என்றார். சின்ன பேட்டரியை மாற்றினார். அடுத்த ஆஸ்பத்திரி நாளில் முக்கோணம் மறுபடி எரிந்தது. இந்த வண்டிக்கு இரண்டு பேட்டரி உண்டு, வண்டியை இழுக்கிற பெரியது பின் சீட்டுக்கு முதுகுக்குப் பின்னால் பெட்டியில் இருக்கிறது என்பதே அப்புறம்தான் பெயிண்டருக்குத் தெரிந்தது. சின்னதுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

பெரிய பேட்டரி பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ வழி காட்டினார்கள். முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்கிறவர். டீ குடிக்கும்போதும் ஒரு கையில் அது இருக்கும். கிளவுஸ்காரர் என்றால்தான் ஆளைத் தெரியும். அவர் முதலில் ஒரு கட்டையை, கரண்டை அறுக்கும் ஆரஞ்சு நிறக் கட்டையை, பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது என் பையில இருக்கிற வரைக்கும் யாருக்கும் சாவு இல்லை. பத்து நிமிஷம் பொறுங்கண்ணே" என்று உட்கார்ந்துகொண்டார். பிறகு பெட்டியைத் திறந்தார். உள்ளே செங்கல் அடுக்கினது போல வரிசையாகச் சாம்பல் நிறக் கட்டைகள்.

"இருபத்தெட்டு செல்லுண்ணே. ஒன்னோட ஒன்னு கோத்திருக்கு. ஒன்னு சோர்ந்தாலும் மத்ததெல்லாம் அதையும் தூக்கிட்டு நடக்கணும்."

"எங்க வீடு மாதிரி" என்றான் பெயிண்டர்.

"உங்க வீட்ல சோர்ந்தது யாரு?"

"இன்னைக்கு நான்தான்."

கிளவுஸ்காரர் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தார். ஒன்று தாழ்ந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய செல் ஒன்றைப் பொருத்தினார். பச்சை பூத்திருந்த செம்புப் பட்டைகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். வண்டி சரியாகிவிட்டது. பெயிண்டர் வாளி, ஏணி, ஆள் எல்லாம் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தான். விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் இல்லை. திரும்பும்போது எரிந்தது.

மறுபடி பெட்டி திறந்தார்கள். இந்தத் தடவை வேறொரு செல். அதையும் மாற்றி, கிளவுஸ்காரர் தானே வண்டியை எடுத்துக்கொண்டு மேம்பாலத்தில் ஏறி இறங்கி, வெயிலில் ஊரைச் சுற்றி வந்தார். ஒன்றும் இல்லை.

"என்கிட்ட பூனைக்குட்டி மாதிரி இருக்கு. உங்ககிட்டதான் பிராண்டுது" என்றார்.

இதையேதான் மாமனாரும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட உட்காரும்போது, மகள் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, யாரிடமோ பொதுவாகச் சொல்வது போல ஆரம்பிப்பார்.

"பதினாலு வருஷம் ஓட்டினேன். அந்தச் சிவப்பு லைட்டு எந்த மூலையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைதான் கண்டுபிடிச்சிருக்காரு."

"பழைய வண்டி மாமா."

"நானும் பழைய ஆளுதான். உக்காந்திருக்கேன்ல?"

"அப்பா, விடுங்க" என்பாள் மகள். அவர் விட்டுவிடுவார். ஆனால் கை கழுவ எழுந்திருக்கும்போது, "பிரஷ் பிடிக்கிற கைக்கும் ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கும் வித்தியாசம் இருக்கும்மா" என்று ஒன்றை வைத்துவிட்டுத்தான் போவார். அந்த மாசத் தவணை போகவில்லை என்பதை அவர் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது.

மாமனார் பேசியதைக்கூடப் பெயிண்டர் தாங்கிக்கொண்டான். படுக்கும்போது மனைவி மெதுவாக, "என்னங்க, நிஜமாவே நீங்க ஏதாவது தப்பா ஓட்டுறீங்களா?" என்று கேட்டதுதான் சுருக்கென்றது. ஒருவேளை தப்பாகத்தான் ஓட்டுகிறோமோ என்று அவனுக்கும் தோன்ற ஆரம்பித்திருந்தது. பிரேக்கை மெல்ல மிதித்துப் பார்த்தான். வழியை மாற்றிப் பார்த்தான். பாலத்தைத் தவிர்த்துச் சந்து பொந்தெல்லாம் நுழைந்து வந்தான். விளக்கு எல்லா வழியிலும் அவனைக் கண்டுபிடித்தது.

கடைசியில் கிளவுஸ்காரருக்கே வெறுப்பு வந்துவிட்டது. "ஆஸ்பத்திரி நாள்ல நானும் வர்றேன். உள்ள உக்காந்து பார்த்தாதான் இது புத்தி தெரியும்" என்றார்.

அன்றைக்குத் திரும்பும்போது அவர் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கருவியை வண்டியில் செருகிப் போனில் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். மாமனார் பின்னால் வலது ஓரத்தில் சாய்ந்திருந்தார். எப்போதும் அந்தப் பக்கம்தான். ஊசி குத்தும் கை இடது கை. அதன் மேல் பாரம் விழக்கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆகவே வலது பக்கம்தான் சாயலாம். வண்டி நகர ஆரம்பித்ததும் கண் மூடியது. வீட்டில் இரவெல்லாம் கால் குடைச்சலும் அரிப்புமாகப் புரண்டுகொண்டிருக்கிற மனுஷர், வாரத்தில் நிம்மதியாகத் தூங்குவது இந்த முக்கால் மணி நேரம்தான்.

"சூடு ஏறுது" என்றார் கிளவுஸ்காரர். கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் ஏறுது. பேட்டரிக்கு ஃபேன் இருக்கே, அது முழு வேகத்துல சுத்துது. காத்துதான் போகல."

"ஏன் போகல?"

கிளவுஸ்காரர் பின்னால் திரும்பினார். திரும்பியவர் அப்படியே இருந்தார். பெயிண்டர் கண்ணாடியில் பார்த்தான்.

மாமனாரின் தலைக்குப் பக்கத்தில், சீட்டின் ஓரத்தில், கறுப்புப் பிளாஸ்டிக்கில் வரிவரியாக ஒரு ஜன்னல் உண்டு. ஸ்பீக்கராக இருக்கும் என்று பெயிண்டர் நினைத்திருந்தான். ஆஸ்பத்திரிக் குளிருக்காக மகள் கொடுத்தனுப்பும் கம்பளிச் சால்வையை மாமனார் நன்றாகச் சுருட்டி, அந்த ஜன்னலில் அடைத்து, அதன்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னொரு நாள், "காதுகிட்ட என்னமோ எலி மாதிரி இரைஞ்சுக்கிட்டே வருது" என்று அவர் முணுமுணுத்தது பெயிண்டருக்கு ஞாபகம் வந்தது. பேட்டரிக்குக் காற்று போகிற வழி அதுதான். சத்தம் கேட்கிறது என்று அவர் அடைக்கிறார். அடைத்ததால் சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் ஃபேன் இன்னும் கத்துகிறது. அவர் இன்னும் இறுக்கி அடைக்கிறார். வீடு வந்து இறங்கும்போது சால்வையும் அவரோடு இறங்கிவிடும். யார் பார்த்தாலும் ஜன்னல் திறந்துதான் இருக்கும்.

பதினாலு வருஷமும் அவர் முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கிளவுஸ்காரர் வாயைத் திறந்தார். பெயிண்டர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை எடுத்து உதட்டில் வைத்தான்.

வீட்டில் அவரை இறக்கிவிட்டு, இரண்டு பேரும் தெருவில் வண்டியை ஒட்டி நின்றார்கள்.

"எத்தனை தடவை அடைச்சாரோ, அத்தனை தடவையும் வேக வச்சிருக்காரு. எல்லா செல்லும் அரை வேக்காடு" என்றார் கிளவுஸ்காரர். "புது செட்டு போட்டா வண்டி விலையவிட ஜாஸ்தி. இனிமே அடைக்காம இருந்தா, இதை வச்சு ஆறு மாசம் ஓட்டலாம். அடைச்சா எப்ப வேணாலும் படுத்துடும். சொல்லிடுங்கண்ணே. ஒரு வார்த்தைதான?"

"ஒரு வார்த்தைதான்."

"இத்தனை நாள் உங்களைக் குத்திக் காட்டினாருல்ல. நல்லாக் கேளுங்க."

பெயிண்டர் கேட்டுத்தான் பார்த்தான், மனசுக்குள். மாமா, வண்டியைக் கெடுத்தது நீங்கதான். அதுவரைக்கும் இனிப்பாகத்தான் இருந்தது. அதற்கு மேல் நடப்பதும் தெரிந்தது. அந்த மனுஷர் மறுநாளிலிருந்து சால்வையைத் தொடமாட்டார். ஜன்னல் பக்கமே சாயமாட்டார். கண்ணைத் திறந்துகொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, முக்கால் மணி நேரமும் உட்கார்ந்து வருவார். இல்லை, பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று கிளம்பிவிடுவார். செய்யக்கூடியவர்தான்.

"வேற வழி ஏதாவது பண்ணலாம்" என்றான்.

வேறு வழிகளைப் பண்ணினார்கள். ஏசியை முழுசாக வைத்தால் பேட்டரிக்குக் குளிர்ச்சி என்றார் கிளவுஸ்காரர். மாமனாருக்குப் பல் கிட்டியது. "என்னை மார்ச்சுவரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா மாப்பிள்ளை? அதுக்கு இன்னும் நாள் இருக்கு." காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தான். "என் பேச்சைக் கேக்காம இருக்கிறதுக்கு உங்க காதுலல்ல வைக்கணும்?" முன் சீட்டைச் சாய்த்து உட்கார வைத்தான். கால் மடங்கி, வீங்கி, இறங்கும்போது செருப்பே மாட்டவில்லை. பிறகு பெயிண்டர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கூடையை வாங்கி, அடியை அறுத்து, ஜன்னலைச் சுற்றி ஒட்டி வைத்தான். சால்வை எவ்வளவு அழுத்தினாலும் காற்றுக்கு இடம் இருக்கும். நல்ல யோசனை என்று கிளவுஸ்காரரே மெச்சினார். முதல் நாளே மாமனார் அதைப் பிய்த்துக் கால் பக்கம் போட்டுவிட்டார். "இது என்ன பிள்ளை விளையாட்டு? தலையில குத்துது."

ஒரு நாள் அவர் நன்றாகத் தூங்கின பிறகு, சிக்னலில் நின்றபோது, பெயிண்டர் கையைப் பின்னால் நீட்டிச் சால்வையை மெல்ல உருவினான். பாதி வந்தது. ஃபேன் சத்தம் குபீரென்று கிளம்பியது. அவர் விழித்துக்கொண்டார். எங்கே இருக்கிறோம் என்று தெரியாத கண்ணால் அவனைப் பார்த்தார். நோய் வந்த இத்தனை நாளில் அவர் முகத்தில் பெயிண்டர் பயத்தைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "தூங்குங்க மாமா, இன்னும் தூரம் இருக்கு" என்று சால்வையை அவனே திரும்ப அழுத்தி வைத்தான். தன் கையால் தானே அடைத்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அதற்கப்புறம் அவன் எதுவும் செய்யவில்லை. பச்சைக் கோடுகள் இறங்குவதையும் ஏறுவதையும் பார்த்துக்கொண்டு ஓட்டினான்.

வண்டி படுத்தது மேம்பாலத்தின் ஏற்றத்தில். முக்கோணம் எரிந்தது, அதன் பக்கத்தில் இருந்த மற்ற விளக்குகளும் எரிந்தன, ஆக்சிலேட்டரை மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. பெயிண்டர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். லாரிகள் உரசிக்கொண்டு போயின. கிளவுஸ்காரருக்குப் போன் போட்டான். "முடிஞ்சுதுண்ணே. இழுவை வண்டிக்குச் சொல்றேன்" என்று அவர் வைத்துவிட்டார்.

மாமனார் விழித்திருந்தார்.

"என்னவாம்?"

"நின்னுடுச்சு மாமா."

அவர் எப்போதும் சொல்கிறதைச் சொல்வார் என்று பெயிண்டர் காத்திருந்தான். அவர் சொல்லவில்லை. எஞ்சின் செத்த அமைதியில் அந்த ஃபேன் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் சால்வையை எடுத்தார். வரவில்லை. முனை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது, ஃபேன் அதை உள்ளே இழுத்தது. பலமாக இழுத்து எடுத்தார். கம்பளியில் அந்த ஜன்னலின் வரிகள் அப்படியே கறுப்பாக விழுந்திருந்தன, பல நாள் தூசி, கோடு கோடாக. உள்ளங்கையை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். காற்று கையை இழுத்தது. ரொம்ப நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார், மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று சக்கரம் சுற்றுவதைப் பார்க்கிற மாதிரி.

"இந்தக் காத்து எங்க போகுது?"

"தெரியல மாமா."

"அந்தக் கிளவுஸ்காரனுக்குத் தெரியுமா?"

"அவருக்கும் தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்."

மாமனார் கையை எடுத்தார்.

"பின்ன எதுக்கு அன்னைக்குக் கூடை வச்சீங்க?"

பெயிண்டர் எதிரே வந்த வண்டிகளைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான். ஃபேனும் நின்றது.

இழுவை வண்டி வர நேரமாயிற்று. அதை ஓட்டி வந்தவர் காரைச் சங்கிலியில் மாட்டி மேலே ஏற்றினார். "அதுல யாரும் உக்காரக்கூடாது. மூணு பேரும் முன்னாடி இடிச்சுக்கிட்டுத்தான் போகணும் பெரியவரே" என்றார். பெயிண்டர் மாமனாரைத் தூக்கி ஏற்றினான். அவருடைய வலது பக்கம் தான் வரும்படி பார்த்து உட்கார்ந்துகொண்டான். சால்வையை அவர் மடித்து, கறுப்புக் கோடுகள் உள்பக்கம் போகும்படி மடித்து, மடியில் வைத்துக்கொண்டார்.

பாலம் இறங்கின பிறகு அவர் பேசினார். குரல் தாழ்ந்திருந்தது.

"அந்தப் பேட்டரி உங்களுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே போயிருந்துச்சு."

"இல்ல மாமா, அப்ப நல்லாத்தான..."

"வண்டி யாருது? எனக்குத் தெரியாதா? லைட்டு எரிஞ்சுது. ரெண்டு மூணு தடவை எரிஞ்சுது. சொல்லாம உங்க தலையில கட்டிட்டேன்."

சிவப்பு விளக்கு எந்த மூலையில் இருக்கிறது என்றே தெரியாது என்று தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னவர் அவர்தான். பெயிண்டருக்கு அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"கெட்ட வண்டிய வித்துட்டு அதுக்குக் காசு கேட்டா நல்லா இருக்காது" என்றார் மாமனார். "அந்தப் பாக்கி இனிமே கிடையாது. அவகிட்டயும் சொல்லிடுங்க."

"நாற்பத்தாறாயிரத்து..."

"அதான் கிடையாதுன்னேன்ல."

"மாமனாரே கடனைத் தள்ளுபடி பண்றாரு. கொடுத்து வச்ச ஆளு சார் நீங்க" என்றார் வண்டி ஓட்டுகிறவர். யாரும் சிரிக்காததால் ரேடியோவைத் திருகினார்.

பெயிண்டர் சந்தோஷப்படப் பார்த்தான். மாசம் பிறந்தால் வயிற்றில் கல் மாதிரி உட்கார்ந்திருந்த தொகை, ஒரு பேச்சில் போய்விட்டது. ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. நாளை மறுநாள் காலையில் இவரை எதில் ஏற்றுவது என்பதிலேயே போய் முட்டிக்கொண்டு நின்றது. வாடகைக் காருக்கு இரண்டு தடவைக்குக் கையில் இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை.

"நாளன்னைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?" என்று மாமனார் கேட்டார்.

"பஸ் வேண்டாம் மாமா. பார்க்கலாம்."

"என்னத்தப் பார்க்கிறது?"

வண்டி குலுங்கியது. மாமனாருக்குக் கண் செருகியது. தலை ஆடி ஆடி வலது பக்கம் வந்தது. பெயிண்டர் தோளைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்தான். தோள் பட்டதும் அவர் திடுக்கிட்டு விழித்து, தலையை எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி கண் செருகியது, மறுபடி நிமிர்ந்தார். வீடு வரும்வரைக்கும் அவர் எந்தப் பக்கமும் சாயவில்லை.